அந்த வாசனைக்குப் பெயர் சாராயம் இல்லை

நைனா, நீ அங்கே சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. எனக்குக் கோபம் கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் கேட்கிறேன்.

பம்பாயிலிருந்து நீ எழுதியது வந்து சேர்ந்தது. மாங்காட்டுச் சம்பந்தம் நல்லபடியாக முடிகிற வரைக்கும் ஊசி விஷயத்தைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம் என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாய். திருமழிசைக் கல்யாணத்தில் நீ குடித்துவிட்டு விழுந்ததாகப் பெண் வீட்டார் கேள்விப்பட்டிருந்தால் அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமாம், குடிக்கிறவனுக்குப் பெண் கிடைக்கும், ஊசி போட்டுக்கொள்கிறவனுக்குக் கிடைக்காதாம். அடுப்பில் கொதித்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு அதை இன்னொரு தரம் படித்தேன். கள்ளை ஒரு சொட்டு நாக்கில் வைத்தறியாத பிள்ளை, தன்னைக் குடிகாரன் என்று தானே எழுதிக் கொடுக்கிறான். இவனைப் படிக்க வைத்தது இதற்குத்தானா என்று உன் அப்பாவைக் கேட்டேன். அவர் வழக்கம்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் உன்னிடமே கேட்கிறேன்.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் நீ எழுதியது பொய் இல்லையே என்பதால் வருகிறது. இந்த ஊர் அப்படித்தான் இருக்கிறது. மாப்பிள்ளை குடிப்பானா, பரவாயில்லை, ஒரு கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான். பெண்டாட்டியை அடிப்பானா, ஆம்பிளைதானே. ஆனால் விடிந்ததும் தன் தொடையில் தானே ஊசி குத்திக்கொண்டு, கணக்காகச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற பிள்ளை என்றால் மட்டும் வாசற்படியிலேயே முகம் சுருங்கிவிடும். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய்ச் சொல்வது?

உனக்கு இந்த வியாதி வந்தபோது நீ மீசை அரும்பாத பையன். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாய். ஒரு வட்டில் நிறையச் சோறு தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்று நிற்பாய், ஆனால் விலா எலும்பை எண்ணலாம் போல இளைத்துக்கொண்டே போனாய். நீ சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. கண் பட்டுவிட்டது என்று உன் பெரியப்பா மிளகாய் சுற்றிப் போட்டார். ஒரு நாள் காலையில் உன்னை எழுப்பக் குனிந்தேன். உன் வாயிலிருந்து நன்றாகக் கனிந்து தோல் கறுத்த வாழைப்பழ வாசனை வந்தது. வீட்டில் பழமே இல்லை. அன்றைக்கே ஆவடியில் ரயில் ஏறி உன்னைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

இன்சுலின் என்கிற பெயரை அங்கேதான் முதலில் கேட்டேன். அதை மாட்டின் வயிற்றுக்குள் இருக்கிற கணையத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லப்போக, உன் பெரியப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குதித்தார். "மாட்டுச் சரக்க உள்ள ஏத்திகினு நம்ம ஊட்டுக்குள்ள நுழைவானா? குலம் இன்னாத்துக்கு ஆவறது?" என்றார். "கொழந்த செத்துப்பூட்டா குலத்த வச்சிகினு நீங்க இன்னா பண்ணுவீங்க மாமா?" என்று கேட்டேன். அதற்கு முன் அவர் எதிரில் நான் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. அன்றோடு எனக்கு வாயாடி என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை நான் இன்றுவரை சந்தோஷமாகத்தான் சுமக்கிறேன்.

அங்கிருந்த டாக்டர் பொறுமையான மனுஷர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்று தெரிந்தும் என்னை உட்காரவைத்துச் சொன்னார். அதை உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், நீயும் தலையை ஆட்டியிருக்கிறாய். ஆட்டிய தலைக்குள் எதுவும் போகவில்லை என்பது திருமழிசையில் தெரிந்துவிட்டது. ஆகையால் மறுபடியும் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நாம் சாப்பிடுகிற சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்கிறது. அதை எரித்துத்தான் உடம்பு நடமாடுகிறது. சாப்பிடாத நேரத்துக்கென்று ஈரல் கொஞ்சம் சர்க்கரையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். ஒரு நாள் முழுப் பட்டினி கிடந்தால் அது ஏறக்குறையத் தீர்ந்துபோகும். அதற்காக உடம்பு படுத்துவிடுவதில்லை. சேர்த்து வைத்த கொழுப்பில் கை வைக்கும். கொழுப்பு கரைந்து ஈரலுக்குப் போகும், ஈரல் அதைச் சின்னச் சின்னதாக உடைத்து, இரத்தத்தோடு ஓடக்கூடிய வேறொரு எரிபொருளாக்கி அனுப்பும். அதற்குக் கீட்டோன் என்று பெயர். இதயம் அதை எரித்துத் துடிக்கும், கை கால் சதையெல்லாம் அதை எரித்து வேலை செய்யும். ஈரல் மட்டும் தான் செய்ததில் ஒரு துளியைக்கூட எரிக்காதாம். "ஆக்கிப் போடறவ பட்டினி. அங்கியும் இதே கததானா டாக்டரே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கீட்டோனில் ஒரு பங்கு மாறி மூச்சு வழியாக வெளியே வரும், அந்த வாசனைதான் இது என்றார். பிறகு, "நீங்க விரதம் இருப்பீங்களாம்மா?" என்று கேட்டார். ஆடி மாதம் மாங்காட்டு அம்மனுக்கு ரெண்டு நாள் பச்சைத் தண்ணீரோடு இருப்பேன் என்றேன். "அந்த ரெண்டாம் நாள் உங்க மூச்சிலயும் இதே வாசனை இருக்கும், லேசா. அதனால உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்ல. உங்க கணையத்துல இன்சுலின் இருக்கு. போதும், இதுக்கு மேல கொழுப்பைக் கரைக்காதேன்னு அது பிடிச்சு நிறுத்தும். உங்க பையனுக்கு நிறுத்த ஆளில்லை" என்றார்.

உன் விஷயம் அவ்வளவுதான் நைனா. இன்சுலின் இல்லாவிட்டால் உன் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடினாலும் உன் சதை அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. நிறைந்த சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டினி கிடக்கிறவன் நீ. உடம்போ பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டே போகும், ஈரல் கீட்டோனைச் செய்து தள்ளிக்கொண்டே இருக்கும். எரிக்கிற வேகத்தைவிடச் செய்கிற வேகம் அதிகமாகிவிடும். அது அமிலச் சரக்கு. இரத்தம் புளித்துப்போகும். அந்தப் புளிப்பை வெளியே தள்ளத்தான் உடம்பு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். வாந்தி வரும், வயிறு வலிக்கும், பேச்சு குழறும், கடைசியில் நினைவு தப்பும். தள்ளாடுகிறவன், வாந்தி எடுக்கிறவன், வாயில் வாசனை அடிக்கிறவன் என்றால் இந்த உலகத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும்.

திருமழிசைக்கு வருகிறேன். உன் பெரியப்பா மகள் கல்யாணம். முதல் நாளே உனக்குக் காய்ச்சல் அடித்து, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. வயிற்றில் ஒன்றும் தங்காததால் ஊசி எதற்கு என்று நீயே முடிவு கட்டினாய். அதோடு, ஜனம் நிறைந்த வீட்டில் ஊசியைக் கொதிக்க வைக்க ஒரு மூலை கேட்பதற்கும் வெட்கப்பட்டாய். சாயந்திர ஊசியும் இல்லை, மறுநாள் காலை ஊசியும் இல்லை. சாப்பிடாவிட்டாலும், வாந்தி எடுத்தாலும், காய்ச்சல் அடித்தாலும் ஊசியை அடியோடு நிறுத்தாதே, எவ்வளவு போடுவது என்று டாக்டரைக் கேள் என்பதுதான் அவர் முதலில் சொன்ன பாடம். காய்ச்சல் நேரத்தில் உடம்புக்கு இன்சுலின் கூடத்தான் தேவைப்படுமாம். நீ அதைத்தான் முதலில் மறந்தாய்.

முகூர்த்தம் முடிந்து நான் பெண்ணுக்குச் சீர்த் தட்டு எடுத்துக்கொண்டு போகும்போது, பின்கட்டில் ஆம்பிளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "பையன் நல்லா ஏத்திகினு கீறான்பா, பூமியே நிக்க மாட்டேங்குது அவனுக்கு" என்றான் ஒருவன். இன்னொருவன் எலுமிச்சம்பழத்தை உன் தலையில் பிழிந்து தேய்த்துக்கொண்டிருந்தான். மோரை வாயில் ஊற்றியிருக்கிறார்கள், அது சட்டையெல்லாம் வழிந்து கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமல் உன்னைக் காய்கறி போட்டிருந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தச் சொன்னார் உன் பெரியப்பா. "தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும், நீ போய் வேலைய பாரு" என்றார் என்னிடம். அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பூசணிக்காய்க் குவியலில் சாய்ந்து கிடந்தாய். நாய்க்கு இரைக்கிற மாதிரி இல்லை, ஆழமாக, அடிவயிற்றிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய். குனிந்தேன். அந்தக் கறுத்த வாழைப்பழ வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது. அத்தனை பேர் உன்னை மோந்து பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஒருவனுக்குக்கூட இது சாராய வாசனை இல்லை என்று தோன்றவில்லை. தெரிந்ததை மட்டும்தான் மோந்து பார்ப்பார்கள் போலிருக்கிறது.

அப்பாவும் நானும் உன்னைக் கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது, கரி கேஸில் ஓடுகிற பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. கண்டக்டர் கையை நீட்டி மறித்தான்.

"இன்னாம்மா, தண்ணி போட்டவனயெல்லாம் ஏத்த முடியாது. உள்ள பொம்பளைங்க கீறாங்க."

"நானும் பொம்பளதான். கிட்ட வந்து மோந்து பாருய்யா. சாராயமா இது?"

அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு குனிந்து மோந்தான். "சாராயம் இல்லதான். இன்னாவோ பழ வாசன அடிக்குது."

"அந்தப் பழ வாசனதான் எம் புள்ளைய கொன்னுகினு கீது. ஏத்துய்யா."

ஏற்றினான். பூந்தமல்லிக்கு முன்னால் மேட்டில் பஸ் திணறி நின்றபோது, முதலில் உன்னைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினவர்களே இறங்கித் தள்ளினார்கள். உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் உன் சிறுநீரில் என்னவோ மருந்து விட்டார்கள், கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிற்று. இவ்வளவு அடர்த்தியாக மாறக்கூடாது என்றார் அந்த டாக்டர். நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள், இன்சுலின் போட்டார்கள், மறுபடி போட்டார்கள். நீ கண் திறந்து முதலில் கேட்டது, "கல்யாணத்துல எல்லாரும் இன்னா சொன்னாங்க?" என்பது. உயிர் திரும்பி வந்திருக்கிறது, அதற்குள் ஊர் என்ன சொல்லிற்று என்ற கவலை.

ஊர் சொன்னதை உன் பெரியப்பா வந்து சொன்னார். "குடிச்சான்னே இருந்துட்டுப் போவட்டும். வியாதின்னு தெரிஞ்சா நாளைக்கு நம்ம ஊட்டுப் பொண்ணுங்களுக்கு எவன் வருவான்?" என்றார். உன் அப்பா துண்டை எடுத்து உதறினார். நீ கட்டிலில் படுத்துக்கொண்டு தலையை ஆட்டினாய். அந்தத் தலையாட்டலில் ஆரம்பித்தது பம்பாய் வரைக்கும் போய்க் கடிதமாகத் திரும்பி வந்திருக்கிறது. உன்னைச் சாகடிக்கப் பார்த்த பொய்யையே போர்வையாகப் போர்த்திக்கொள்ளப் பார்க்கிறாயே, உனக்குச் சொரணை இல்லையா?

இந்தப் பெண் உன்னோடு பம்பாய்க்கு வரப்போகிறவள். அங்கே நான் இல்லை. நீ சின்னவனாக இருந்தபோது தினமும் காலையில் உன் முகத்துக்கு மேல் குனிந்து மோந்து பார்ப்பேன். மீசை வந்த பிறகு, "போம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அப்பவும் நீ தூங்கும்போது மோந்துவிட்டுத்தான் போவேன். உன் அப்பாவுக்கு அந்த வாசனை தெரிவதே இல்லை, எத்தனை தரம் காட்டியும் ஒன்றும் அடிக்கவில்லையே என்பார். சிலர் மூக்குக்கு அது எட்டாது என்று டாக்டரே சொன்னார். அப்படியானால் அங்கே உனக்கு நினைவு தப்புகிற அன்று யாருக்குத் தெரியும்? குடிகாரன் என்று நம்பி வந்தவள் என்ன செய்வாள்? குடித்துவிட்டுக் கிடக்கிறான், தூங்கி எழட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போவாள். அவள்மேல் தப்பே இருக்காது. கதவைச் சாத்தச் சொல்லிக் கொடுத்தவன் நீயாக இருப்பாய்.

அதனால் உன் உத்தரவை நான் மதிக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்றே சாப்பாட்டை நிறுத்தினேன். ஆடி இல்லையே, என்ன விரதம் என்று அப்பா கேட்டார். இது அம்மனுக்கு இல்லை என்றேன். மறுநாளும் தண்ணீர்தான். அதற்கு அடுத்த நாள் காலையில் நம் ஊர் சேக்காட்டிலிருந்து கிளம்பிப் பூந்தமல்லி வரை வண்டியில் போய், அங்கிருந்து மாங்காட்டுக்கு நடந்தே போனேன். நடந்தால் கீட்டோன் இன்னும் ஏறும் என்று எனக்குத் தெரியும். தலை லேசாகச் சுற்றியது, ஓரமாக உட்கார்ந்து எழுந்து போனேன்.

பெண்ணின் அப்பா வாசலில் வைக்கோலைப் பிரித்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது, இன்னும் வெற்றிலை பாக்கு மாற்றவில்லை, அதனால் அந்த வீட்டில் நான் கை நனைக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் ஒரு வாய் சோறு தின்றுவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது இல்லையா. ஆகவே சாப்பிடச் சொல்லாமல் உட்காரச் சொன்னார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுக் கணையம் முதல் பூசணிக்காய் அறை வரைக்கும் ஒன்று விடவில்லை.

அவர் கையிலிருந்த வைக்கோல் பிரியை முறுக்கினார். "குடிதான்னு நெனச்சிகினு இருந்தோம்மா. அத கண்டுக்கல. இது வியாதின்னா நான் யோசிக்கணுமே" என்றார்.

"யோசிங்க. வேணாம்னாலும் சரி. ஆனா தெரிஞ்சிகினு வேணாம்னு சொல்லுங்க."

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கோமளா வெளியே வந்தாள். நீ பெண் பார்க்கப் போனபோது தலை நிமிராமல் நின்றவள்தான். இப்போது என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அந்த வாசன எப்டி அத்தே இருக்கும்?" என்று கேட்டாள். மற்ற யாருக்கும் தோன்றாத கேள்வி நைனா. உன் பெரியப்பாவுக்குத் தோன்றவில்லை, உனக்கே தோன்றவில்லை.

கிட்டே வரச் சொன்னேன். அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து மெதுவாக ஊதினேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உன் அப்பா மாதிரி மூக்கு இவளுக்கும் இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? நானே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். "இன்னொரு வாட்டி" என்றாள். ஊதினேன். கண்ணை மூடி மோந்தாள்.

"அன்னாசிப்பழத்த அறுத்து வச்சிட்டு மறந்துட்டா ஒரு வாசன வரும் பாருங்க, அந்த மாதிரி கீது. லேசாத்தான்."

"அதான். அவனுக்கு வந்தா லேசா இருக்காது."

"வந்தா இன்னா பண்ணணும்?"

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு ஓடணும். யார் சிரிச்சாலும் நிக்கக் கூடாது."

தலையை ஆட்டினாள். உன் தலையாட்டல் மாதிரி இல்லை அது. அப்புறம் என்னையே பார்த்தாள். "நீங்க எத்தினி நாளா சாப்பிடல?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன். அவள் உள்ளே போய் ஒரு வாழை இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். "கோமளா" என்றார் அவள் அப்பா. "சோறு போடறேம்பா" என்றாள். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எழுந்து போய்த் தானே ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வயிறார நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆக, உன்னை யார் என்று தெரிந்துகொண்டுதான் அவள் வருகிறாள். இனி உனக்கு மறைக்க ஒன்றும் மிச்சம் இல்லை. காலையில் அவள் உன் முகத்துக்கு மேல் குனிந்தால், என்னிடம் திருப்பிக்கொண்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

இப்போது கேட்கிறேன். சுகமாக இருக்கிறாயா, நைனா? காலை ஊசி போட்டுக்கொண்டாயா?

உன் அம்மா